எழுதிக் கொடுத்துவிட்டால் அப்பீலுக்குப் போக வேண்டாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கத்துக் கிராமம். வண்டிப்பாதை வழக்கில் முன்சீப் கோர்ட்டில் தோற்று, சப் கோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறேன். கணவர் இல்லை, வாய்தாவுக்கு வாய்தா வக்கீலுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. கோர்ட் வாசலில் பழக்கமான ஒருவர், "வாதத்தை எழுதிக் கொடுத்துவிடலாம், யாரும் போய் நிற்க வேண்டாம், தீர்ப்பும் சீக்கிரம் வரும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. எழுதிக் கொடுப்பது நல்லதுதான். அதைக் கொடுத்துவிட்டு ஆள் போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

கோர்ட் சேவகரான டவாலி உங்கள் வழக்கைக் கூப்பிடும்போது உங்கள் தரப்பில் யாரும் எழுந்திருக்காவிட்டால், சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 41 விதி 17-இன்படி அப்பீலை அங்கேயே தள்ளுபடி செய்யலாம். வழக்குக் கட்டுக்குள் உங்கள் எழுத்து வாதம் முப்பது பக்கம் இருந்தாலும் அது உங்களுக்குப் பதிலாக எழுந்து நிற்காது.

இதில் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். அப்படி ஆள் வராததால் தள்ளுபடி செய்யும்போது, 'உங்கள் வழக்கில் நியாயம் இல்லை' என்று தீர்மானிக்க நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது. 1976 திருத்தத்தில் அந்த விதிக்கே ஒரு விளக்கம் சேர்த்து இதைச் சொல்லிவிட்டார்கள். ஆகவே உத்தரவு நகலை வாங்கி, என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வராததுதான் காரணம் என்றால் விதி 19-இன்படி அப்பீலைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி மனு போடலாம். கெடு 30 நாள். அந்த 30 நாள் தள்ளுபடியான தேதியிலிருந்து ஓடும், உங்களுக்குத் தெரியவந்த தேதியிலிருந்து அல்ல. 'நான் பார்த்துக்கொள்கிறேன்' ஆசாமிகள் தள்ளுபடியான சேதியைச் சொல்லாமல் மாதக்கணக்கில் பணம் வாங்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, அதற்கு ஒரு செலவு. அதையும் அதே ஆள்தான் 'முடித்துத் தருவார்'. அவர் நீட்டும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பாதை எத்தனை அடி, யார் எத்தனை வருஷமாகப் போய்வந்தார்கள் என்பதையெல்லாம் முழுதாக அலசும் கடைசி இடம் இந்த சப் கோர்ட்தான். ஹைகோர்ட்டில் இரண்டாம் அப்பீலுக்கு, பிரிவு 100 கேட்கிற முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாக வேண்டும். சாட்சி சொன்னதில் எந்த வரியை முன்சீப் கவனிக்கவில்லை என்று நீதிபதியிடம் கட்டைப் புரட்டிக் காட்ட ஒரு ஆள் வேண்டும்.

எழுத்து வாதத்தை வக்கீல் வாதாடிய அன்றே கொடுக்கச் சொல்லுங்கள். வாதம் கேட்டுச் சில வாரம் கழித்துத் தீர்ப்பு எழுதும் நீதிபதிக்கு அது கைவசம் இருக்கும். 'வாதத்துக்கு' என்று போட்டே வருஷக்கணக்கில் தள்ளிவிட்டு, கடைசியில் நீதிபதிக்கு மாற்றல் வந்து எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிற லட்சணத்தில்தான் நம் கோர்ட்டுகள் நடக்கின்றன. அதற்கு உங்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் புது பட்டா நகல், போட்டோ என்று எதையும் எழுத்து வாதத்தோடு சேர்த்துத் தைக்காதீர்கள். புது ஆவணத்துக்கு விதி 27-இல் தனி மனு போட வேண்டும்.

சரி, பணத்துக்கு என்ன செய்வது? பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தரச் சட்டம் இருக்கிறது. கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். அப்படியே உங்கள் அப்பீலின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் (வழக்குக்கு வழக்கு தனியாகத் தரும் அடையாள எண்) கேட்டு வாங்குங்கள். பேரப்பிள்ளை யாராவது இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டுப் பார்த்தால் அடுத்த வாய்தா தேதி தெரிந்துவிடும், வாசலில் நிற்பவரைக் கேட்க வேண்டியதில்லை.