எஞ்சினை இறக்குவதற்கு முன்பே முடிவெடுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறேன். என்னிடம் 1998 ஃபெராரி எஃப்355 ஜிடிஎஸ் இருக்கிறது. ஆறு கியர் மேனுவல், 41,000 மைல். டைமிங் பெல்ட் கடைசியாக மாற்றியது 2018-இல். அதற்கப்புறம் 3,000 மைல்கூட ஓடவில்லை. பெல்ட் மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் பெரிய தொகை கேட்கிறார்கள். இறக்காமலே மாற்றித் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். இரண்டு வருஷம் தள்ளிப்போடலாமா? இறக்குவதென்றால் கூடவே எதையெல்லாம் மாற்றுவது, எவ்வளவு ஒதுக்கி வைப்பது?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். 3,000 மைல்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பெல்ட் ரப்பர். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு வயதாகும். மாதக்கணக்கில் ஒரே நிலையில் நிற்கும் காரில், புல்லியைச் சுற்றி வளைந்த இடம் வளைந்தபடியே இறுகிக்கொண்டிருக்கும். இந்தக் கார்களுக்கு 3 முதல் 5 வருஷத்துக்குள் பெல்ட் மாற்றுவதுதான் வழக்கம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங் இருப்பதையும் மறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்து பேரிங் பிடித்துக்கொண்டால், நல்ல பெல்ட்டும் போய்விடும்.

போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 355 என்ற பெயரே 3.5 லிட்டர், சிலிண்டருக்கு 5 வால்வு என்பதிலிருந்து வந்தது. எட்டு சிலிண்டருக்கு 40 வால்வு. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டையும், பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங்க்ஷாஃப்டையும் இணைப்பது இந்த பெல்ட்தான். அது அறுந்து கேம்ஷாஃப்ட் நின்று கிராங்க்ஷாஃப்ட் மட்டும் சுற்றினால், திறந்தபடி நின்றுவிட்ட வால்வுகளில் பிஸ்டன் போய் மோதும். அதற்குமேல் நடப்பது பெல்ட் வேலை கிடையாது, முழு எஞ்சின் வேலை.

ஏன் இறக்கியே ஆக வேண்டும்? 328 வரை வந்த வி8 ஃபெராரிகளில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். பின்சக்கரத்துப் பக்கமாகக் கையை விட்டுப் பெல்ட்டைத் தொட்டுவிடலாம். 1989-இல் வந்த 348-இல் எஞ்சினை நீளவாக்கில் திருப்பினார்கள். பெல்ட் இருக்கும் முகம், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரை ஒட்டிப் போய்விட்டது. உங்கள் 355-உம் அதே அமைப்புதான். அடுத்து வந்த 360 மொடேனாவில் சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடி வைத்தார்கள், அதைக் கழற்றினாலே பெல்ட் தெரியும். எஃப்430-இல் பெல்ட்டையே விட்டுவிட்டுச் செயினுக்குப் போனார்கள். உங்கள் தலைமுறைக் காருக்கு மட்டும் இந்தச் சிரமம் வாய்த்திருக்கிறது.

இறக்காமல் மாற்றுகிறேன் என்பவர் பொய் சொல்லவில்லை. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் நான் உங்களை அந்த வழிக்கு அனுப்பமாட்டேன். 27 வயது காரில் பெல்ட் ஒரு சாக்கு மட்டும்தான். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அந்த இருட்டு மூலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்கிறோமே, அதற்குத்தான் நீங்கள் முக்கியமாகப் பணம் கொடுக்கிறீர்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் அவற்றைத் தாங்கும் குழாய்ச் சட்டமும் ஒன்றாகக் கீழே மேசையில் நிற்க, காரின் உடல் மேலே லிஃப்டில் போய்விடும். அப்போதுதான் ஹோஸ், பைப், வயர், எண்ணெய்க் கசிவு எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

சரி, இனி முக்கியமான விஷயம். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன்னால், எஞ்சின் காரில் இருக்கும்போதே, எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்டும் (எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்று பார்ப்பது) லீக்-டவுன் டெஸ்டும் (எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) எடுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது எடுக்க வேண்டும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் ஒர்க்‌ஷாப்பில், இதே காலத்து வி8 ஒன்றை டெஸ்ட் எடுக்காமலே இறக்கினோம். பெல்ட், சீல், வாட்டர் பம்ப் எல்லாம் புதுசு போட்டு ஏற்றி ஸ்டார்ட் செய்தால் ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை. வால்வு உட்காரவில்லை. மறுபடி இறக்கினோம். அந்தக் கார்க்காரர் இரண்டு தடவை லேபர் கொடுக்க நேர்ந்தது நியாயமே இல்லை. முதலில் இரண்டு மணி நேரம் செலவழித்திருந்தால் அந்த நிலை வந்திருக்காது. அதன்பின் டெஸ்ட் இல்லாமல் ஒரு எஞ்சினையும் நான் தொட்டதில்லை.

355-இல் இது இன்னும் முக்கியம். ஆரம்ப காலத்துக் கார்களில், வால்வின் தண்டு ஆடாமல் பிடிக்கும் வால்வ் கைடுகள் வெண்கலத்தில் இருந்தன. எக்ஸாஸ்ட் பக்கத்துக் கைடுகள் சீக்கிரம் தேய்ந்துவிடும். தேய்ந்தால் வால்வு ஆடும், சரியாக மூடாது, எண்ணெயும் குடிக்கும். பிற்பாடு கடினமான கைடுகளுக்கு மாறினார்கள். உங்களுடையது 1998 என்பதால் தப்பித்துவிட்டது என்று ஆண்டை வைத்துச் சொல்ல மாட்டேன். டெஸ்ட் சொல்லட்டும். லீக்-டவுன் டெஸ்டில் சிலிண்டருக்குள் காற்றை அடித்து, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பார்கள். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் உட்கார்ந்து பேச வேண்டும். எங்கே கசிகிறது என்பதையும் காது வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் குழாயில் உஸ்ஸென்று சத்தம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் ரிங். கூலன்ட் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

டெஸ்ட் மோசமாக வந்தால் ஹெட் இரண்டையும், அதாவது சிலிண்டர்களுக்கு மேல் வால்வுகள் இருக்கும் பகுதியை, கழற்ற வேண்டும். கைடு, வால்வு, லேத் வேலை என்று வாரக்கணக்கில் போகும். பில் இரண்டு மடங்காகவும் ஆகலாம். அந்தத் தொகைக்கு நீங்கள் தயாரா என்று எஞ்சின் காரில் இருக்கும்போதே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் மேசைக்கு வந்துவிட்டால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

ஸ்டார்ட் செய்த முதல் ஒரு நிமிஷம், எஞ்சின் ஆறிப்போயிருக்கும்போது, பின்னால் நின்று டிக் டிக் என்ற சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள். சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே எடுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் 355-இல் மெல்லிய குழாய். மேலே வெப்பக் கவசம் மூடியிருப்பதால் விரிசல் வெளியே தெரியாது. சூடானதும் உலோகம் விரிந்து சத்தமும் அடங்கிவிடும். விரிசல் வழியாகக் காற்று உள்ளே போனால் ஆக்ஸிஜன் சென்சர் ஏமாறும், எஞ்சினுக்குத் தவறான அளவில் பெட்ரோல் போகும். மேனிஃபோல்ட் போயிருந்தால் மாற்ற வேண்டிய நேரம் இதுதான். எஞ்சின் வெளியே இருக்கும்போது நட்டுகளைச் சூடேற்றிப் பொறுமையாக எடுக்கலாம். உள்ளே இருக்கும்போது ஒரு ஸ்டட் உடைந்தால் அன்றைய நாளே போச்சு. வேறு நிறுவனத்து ஸ்டெயின்லெஸ் மேனிஃபோல்ட் போட்டாலும், கழற்றிய பழசைத் தூக்கிப் போட வேண்டாம். பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். 20 வயது தாண்டிய கார்களுக்கு ஃபெராரியே கிளாசிக்கே என்ற பெயரில் சான்றிதழ் தருகிறது. அதற்கு அசல் பாகங்கள் முக்கியம்.

இறக்கினால் யோசிக்காமல் மாற்ற வேண்டியவை இவை: இரண்டு பெல்ட், டென்ஷனர் பேரிங்குகள், கேம், கிராங்க் ஆயில் சீல்கள், கேம் கவர் கேஸ்கெட், கூலன்ட் ஹோஸ் அத்தனையும். வாட்டர் பம்ப்பைக் கையால் சுற்றிப் பார்த்து, கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

பெட்ரோல் ஹோஸைத் தனியாகவே சொல்ல வேண்டும். அது பணத்தைவிடப் பெரிய விஷயம். எஞ்சின் அறைக்குள் புகையைச் சுத்திகரிக்கும் கேடலிஸ்ட் கொதிக்கும் சூட்டில் இருக்கிறது, அதே அறையில் அழுத்தத்தோடு பெட்ரோல் ஓடுகிறது. 27 வருஷ ரப்பர் வெளியே பளபளப்பாகத் தெரியலாம், வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். நடுமத்தியில் எஞ்சின் வைத்த பழைய கார்கள் தீப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு பெட்ரோல் ஹோஸையும், ஒவ்வொரு கிளாம்பையும் மாற்றச் சொல்லுங்கள். இதில் பேரம் வேண்டாம். வேறு எதையாவது விட்டுக்கொடுங்கள், இதை விடாதீர்கள்.

இனி, விட்டுவிட வேண்டியவை. இறக்கினதுதான் இறக்கினோம், இதையும் மாத்திடலாமே என்ற பேச்சு எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் வரும். பாதி நேரம் அது நியாயமான பேச்சு. மீதி நேரம் உங்கள் பணம். எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: இந்தப் பாகத்தை எஞ்சின் காரில் இருக்கும்போதே மாற்ற முடியுமா? முடியுமென்றால், கெட்டுப்போகாதவரை தொட வேண்டாம். கிளட்ச் நல்ல உதாரணம். பலரும் எஞ்சினோடு சேர்த்து அதையும் மாற்றுகிறார்கள். ஆனால் உங்கள் காரில் கிளட்ச் கியர்பாக்ஸுக்குப் பின்னால், காரின் பின்முனையில் இருக்கிறது. எஞ்சினை இறக்காமலே அதை எடுக்கலாம். தடிமனை அளந்து குறித்து வைத்தால் போதும். ஷாக் அப்சார்பர், பிரேக், ஒட்டிக்கொள்ளும் டேஷ்போர்டு பட்டன்கள் எல்லாமே அடுத்த வருஷத்துக்கு. எஞ்சினைத் தாங்கும் குழாய்ச் சட்டத்தில் துரு இருந்தால் சுத்தம் செய்து பெயின்ட் அடியுங்கள். அழகுக்காக மட்டும் என்றால் பணம் மிஞ்சினால் பார்க்கலாம்.

பணத்துக்கு வருவோம். எஸ்டிமேட்டை மூன்றாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டாயம் செய்வது எவ்வளவு, பார்த்தபின் முடிவு செய்வது ஒவ்வொன்றும் எவ்வளவு, ஹெட் கழற்ற நேர்ந்தால் எவ்வளவு. முதல் தொகையும் அதில் பாதியும் கையில் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். முதல் தொகை மட்டும்தான் இருக்கிறது என்றால், ஓட்டாமல் நிறுத்திவிட்டு இன்னும் ஆறு மாதம் சேருங்கள். அது தள்ளிப்போடுவது ஆகாது, நிற்கிற எஞ்சின் பெல்ட்டை அறுக்காது. புதிதாக எதையாவது கண்டுபிடித்தால் படம் எடுத்து அனுப்பி, உங்கள் சம்மதம் எழுத்தில் வந்த பிறகே தொட வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகங்கள் அட்டைப் பெட்டியில் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பைத் தேர்ந்தெடுக்க இரண்டு கேள்வி போதும். கடந்த இரண்டு வருஷத்தில் எத்தனை 355 இறக்கினீர்கள்? கேம் டைமிங்கை, அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை, பழைய குறி பார்த்து வைப்பீர்களா, கோணத்தை அளக்கும் டிகிரி வீலும் நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜும் வைத்து அளப்பீர்களா? அளப்போம் என்று சொல்லி, அளந்த எண்களை எழுதியும் தருகிறவரிடம் கொடுங்கள். பழைய குறிகளையே நம்பினால், முன்பு யாரோ செய்த தவறு அப்படியே தொடரும்.

குளிர்காலத்தில் கொடுப்பது நல்லது. சாலையில் உப்புத் தூவும் மாதங்களில் நீங்கள் எப்படியும் இந்தக் காரை எடுக்கப் போவதில்லை. நவம்பரில் கொடுத்து மார்ச்சில் வாங்குகிறேன் என்று சொன்னால் மெக்கானிக்குக்கும் அவசரம் இருக்காது, பாகங்கள் வரக் காத்திருக்கவும் முடியும். பாகங்களை இப்போதே ஆர்டர் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் மேசையில் இருக்க, ஒரு கேஸ்கெட்டுக்காக ஆறு வாரம் லிஃப்ட் அடைபட்டுக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். இறக்கும் முன் ஏசி வாயுவைக் கருவி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும், காற்றில் திறந்துவிடுவது பிரிட்டனில் சட்டவிரோதம். அதற்கான சான்று உள்ளவர்தான் செய்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை காரை விரட்டி ஓட்ட வேண்டாம். ஒர்க்‌ஷாப்புக்குக்கூட டிரக்கில் ஏற்றி அனுப்பினால் எனக்கு நிம்மதி.

ஏற்றி முடித்தபின் முதல் ஸ்டார்ட்டுக்கு நீங்களும் போய் நில்லுங்கள். பெட்ரோலையும் இக்னிஷனையும் நிறுத்திவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை எஞ்சினைச் சுற்றவிட வேண்டும், அப்புறம்தான் ஸ்டார்ட். கூலன்ட்டில் காற்று தங்காமல் முழுதாக வெளியேற்ற வேண்டும், இதில் அவசரப்பட்டால் ஹெட் சூடேறிவிடும். கார் கைக்கு வந்தபின் 200 மைல் மெதுவாக ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை லிஃப்டில் ஏற்றுங்கள். புது ரப்பர் சூட்டில் அமுங்கி உட்கார்ந்திருக்கும், கிளாம்புகளை இன்னொரு சுற்று இறுக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு மணி நேர லேபரையும் இப்போதே எஸ்டிமேட்டில் சேர்த்து எழுதச் சொல்லிவிடுங்கள்.