மிஸ் என்ற சொல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கறுப்பினப் பதின்வயதுப் பெண்களைச் சமூகத்துக்கு அறிமுகப்படுத்தும் ‘டெபியூட்டான்ட்’ நடனவிழாக்களின் படங்களைப் பார்த்தேன். வெள்ளைக் கவுன், முழங்கை தாண்டிய கையுறை, தரையளவு தாழ்ந்த வணக்கம், வால்ட்ஸ் நடனம் எல்லாமே ஐரோப்பிய அரசவை வழக்கங்கள். அடிமைகளின் வழித்தோன்றல்கள் எஜமானர்களின் சடங்கை ஏன் சுமக்க வேண்டும்?

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

வடிவம் இரவல்தான். ஆனால் அந்த விழா இரவின் உயிர் ஓர் அரை நிமிடத்தில் இருக்கிறது. அறிவிப்பாளர் ஒரு பெண்ணின் முழுப்பெயரை ‘மிஸ்’ என்ற அடைமொழியோடும் பெற்றோர் பெயரோடும் உரக்கச் சொல்ல, அவள் தந்தையின் கைபற்றி அவைநடுவே நடந்து வருகிறாள்.

அந்நாளில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்ணுக்கு எந்த வயதிலும் வெள்ளையர் வாயிலிருந்து அந்த அடைமொழி கிடைக்காது. 1963-இல் அலபாமாவின் கேட்ஸ்டன் நகரில், அரசு வழக்கறிஞர் ‘மேரி’ என்று விளித்தபோது, ‘மிஸ் ஹாமில்டன்’ என்று அழைத்தாலன்றிப் பதில் சொல்வதில்லை என்று சாட்சிக் கூண்டில் உறுதியாக நின்ற மேரி ஹாமில்டனுக்கு, நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதித்தார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு சொல்லுக்காக உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது! தந்தையின் கையும் அப்படித்தான். அடிமைக்காலத்தில் பெற்ற மகளைக் கண்முன்னே விற்றாலும் தடுக்கும் உரிமை தகப்பனுக்கு இருக்கவில்லை.

நியூ ஆர்லியன்ஸில் 1890களில் ஒரிஜினல் இலினாய் கிளப் என்ற கறுப்பின ஆண்கள் சங்கத்தை நிறுவி இவ்விழாவுக்கு வித்திட்ட வைலி நைட், புல்மன் நிறுவனத்தின் படுக்கைவசதி ரயில்பெட்டிகளில் பணியாளர். அப்பணியாளர்களின் சொந்தப் பெயர் எதுவானாலும், முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் ‘ஜார்ஜ்’ என்றே பயணிகள் கூப்பிட்டார்கள். பெயர் பறிபோகும் தொழிலிலிருந்து வந்த ஒருவர் உருவாக்கிய அவையில் பெண்பிள்ளைகளின் பெயர் முழுதாக ஒலித்ததை வெறும் போலச்செய்தல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

குறை இல்லாமலில்லை. 1950களில் சமூகவியலாளர் ஈ. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர், கறுப்பின நடுத்தர வர்க்கம் இத்தகைய பகட்டால் ஒரு கற்பனை உலகில் வாழ்கிறது என்று கடுமையாகச் சாடினார். மேட்டுக்குடி வட்டங்களில் வெளிர்ந்த நிறமுள்ள பெண்களுக்கே முன்னுரிமை தரப்பட்டதும் உண்டு. இன்று கல்வி உதவித்தொகையும் தொண்டுப்பணியும் விழாவோடு சேர்ந்திருக்கின்றன என்றாலும், மாதக்கணக்கான பயிற்சிக்கும் கவுனுக்கும் பணம் புரட்ட இயலாத வீட்டுப் பெண் பல ஊர்களில் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறாள். இரவல் வடிவத்தைவிட இதுவே என்னை அதிகம் வருத்துகிறது.