கிழித்த பாஸ்போர்ட்

அன்புள்ள ஐயா,

பெலாரஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 2020 தேர்தலில் மோசடி என்று லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதிபர் லுகாஷென்கோ இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறார், வந்தவர்கள்தான் சிறையிலும் வெளிநாட்டிலும். தோற்போம் என்று தெரிந்தே குடும்பத்தைப் பணயம் வைக்கலாமா? பேசாமல் வீட்டில் இருந்திருந்தால் பிள்ளைகளாவது நன்றாக இருந்திருக்கும் இல்லையா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

பிள்ளைகளை நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் 'தோற்போம் என்று தெரிந்தே' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1994 முதல் ஆளும் லுகாஷென்கோவுக்கு 80 சதவீதம், எதிர்த்து நின்ற ஸ்வியட்லானா சிகானவுஸ்கயாவுக்கு 10 சதவீதம் என்று அறிவித்தார்கள். தேர்தல் நாளான ஆகஸ்ட் 9 அன்று, ஸ்வியட்லானாவுக்கே ஓட்டு என்பதற்கு அடையாளமாகக் கையில் வெள்ளை நாடா கட்டிக்கொண்டு வந்தவர்கள் வரிசையில் ஒருவரையொருவர் பார்த்திருந்தார்கள், அவர்களிடம் போய் இந்தக் கணக்கைச் சொன்னால் எப்படி நம்புவார்கள்? அடுத்த வாரமே தலைநகர் மின்ஸ்கில் ஒரு தொழிற்சாலைக்குள் லுகாஷென்கோ பேசப் போனபோது தொழிலாளர்கள் அவர் முகத்துக்கு நேராகவே 'போய்விடு' என்று கத்தினார்கள். அந்த நாட்களில் ஜெயித்துவிடுவோம் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முதல் சில நாட்களில் போலீஸ் பிடித்துப் போனது ஏழாயிரம் பேர் அளவில். மின்ஸ்கின் அக்ரெஸ்தினா தடுப்புக்காவல் மையத்தில் அடித்த அடி வெளியே தெருவரைக்கும் கேட்டது. அதை உலகமே பார்த்தது. அப்புறம் நடந்ததைத்தான் யாரும் பார்க்கவில்லை. கூட்டமாகப் பொது ஒழுங்கைக் குலைத்தார்கள் என்று வழக்குப் போடும் குற்றவியல் சட்டத்தின் 342-வது பிரிவுக்கு அங்கே 'மக்கள் பிரிவு' என்றே பெயர் வந்துவிட்டது, அவ்வளவு பேர் மேல் போட்டார்கள். 2020 ஊர்வலப் புகைப்படம் ஒன்றில் முகம் தெரிந்தால் போதும், மூன்று நான்கு வருடம் கழித்துக்கூட வந்து கதவைத் தட்டுவார்கள். சரி, வீட்டில் இருந்தவர்கள்? அடிபட்டவர்களுக்கும் அபராதம் கட்ட முடியாதவர்களுக்கும் வீட்டிலிருந்தபடியே சின்னத் தொகை அனுப்பியவர்களைக்கூட உளவுத்துறை கூப்பிட்டு மிரட்டி, அதைப் போலப் பல மடங்கு பணத்தை அரசு மருத்துவமனைக்கு 'நன்கொடை'யாகக் கட்ட வைத்தது. பேசாமல் இருப்பது என்றால் எவ்வளவு தூரம் பேசாமல் இருப்பது, சொல்லுங்கள்.

தப்பி வெளியே போனவர்களையும் விடவில்லை. 2023 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது: வெளிநாடுகளில் உள்ள பெலாரஸ் தூதரகங்களில் இனி பாஸ்போர்ட் புதுப்பிக்க முடியாது, ஊருக்கு வந்துதான் வாங்க வேண்டும். வந்தால் கைது. அம்மா செத்தாலும் போக முடியாத நிலையில் எத்தனை பேர் போலந்தின் வார்சாவிலும் லிதுவேனியாவின் வில்னியஸிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்!

பாஸ்போர்ட் என்றதும் மரியா கலெஸ்னிகவா நினைவுக்கு வருகிறார். புல்லாங்குழல் கலைஞர், அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர். 2020 செப்டம்பரில் அவரை வலுக்கட்டாயமாக உக்ரைன் எல்லைக்குக் கொண்டுபோனபோது, நாட்டை விட்டுத் தள்ளிவிடக் கூடாது என்று தன் பாஸ்போர்ட்டைத் தானே கிழித்துப் போட்டார். 11 வருடத் தண்டனை. உள்ளே வயிற்றுப்புண் முற்றி அறுவை சிகிச்சை நடந்தது, அதன்பின் நீண்ட காலம் ஒரு கடிதம்கூட வெளியே வரவில்லை. 2025 டிசம்பரில் விடுதலை செய்து, எந்த நாட்டுக்குப் போக மாட்டேன் என்றாரோ அதே உக்ரைனுக்குத்தான் கொண்டுபோய் விட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

அந்த இடத்தில் இருந்திருந்தால் நான் தெருவுக்குப் போயிருப்பேனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. யாரையும் போகச் சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. ஆனால் போனவர்கள் குடும்பத்தைப் பணயம் வைத்தார்கள் என்று நீங்கள் சொல்லும்போது, அந்தக் குடும்பத்தைப் பறித்தது யார் என்பது மறைந்துபோகிறது. ஸ்வியட்லானா தேர்தலில் நின்றதே, நிற்கப்போவதாகச் சொன்ன கணவர் சியார்ஹேயை அதற்கு முன்பே சிறையில் போட்டதால்தான். சியார்ஹேக்கு 18 வருடச் சிறை கொடுத்தார்கள். கடைசி இரண்டு வருடத்துக்கு மேல் அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே வீட்டுக்குத் தெரியாது. 2025 ஜூனில் திடீரென்று விட்டபோது, மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமுமாக வந்தார். பத்திரிகையாளர்கள் முன்னால் பேசிக்கொண்டிருந்தவர் மகளைப் பற்றிச் சொல்லும்போது உடைந்து அழுதுவிட்டார். அந்தக் குழந்தைக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை.