மலிவு கவுனைப் புரட்டிப் பாருங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 1950-களின் உடைகள் என்றால் உயிர். ஸ்விங் நடனக் குழு ஒன்றில் ஆடுகிறேன். அசல் விண்டேஜ் கவுன், அதாவது அந்தக் காலத்திலேயே தைத்தது, வாங்க வசதியில்லை, கிடைப்பதும் என் உடம்புக்குச் சேர்வதில்லை. அதனால் அந்தப் பாணியில் இப்போது தைத்து மலிவாக விற்கும் நகல் கவுன்கள் நான்கு வாங்கினேன். 'இதைத் தைத்தவளுக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்று யோசித்தாயா?' என்று குழுவில் ஒரு தோழி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அலமாரியைத் திறக்கவே மனம் வரவில்லை. நான் செய்தது தப்பா?

பதில்: தங்கச்சி, உங்கள் தோழி கேட்டது நியாயமான கேள்வி. எல்லோர் முன்னாலும் கேட்டது நியாயமில்லை. இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள்.

நான் இருபத்தாறு வருடமாகத் துணி தைத்தும் திருத்தியும் வருகிறவள். நீங்கள் சொல்லும் மாதிரிக் கவுன் ஒன்றை நான் தனியாக உட்கார்ந்து தைத்தால் ஒரு முழு நாள் போய்விடும். டார்ட், அதாவது உடம்பு வளைவுக்கு ஏற்ற மடிப்புத் தையல், பிடிக்க வேண்டும், காலரைத் திருப்ப வேண்டும், ஜிப் வைக்க வேண்டும், இடுப்பில் சுருக்கத்தைச் சமமாகப் பரப்ப வேண்டும். தொழிற்சாலையில் ஒருவர் தோள் மட்டும், இன்னொருவர் ஜிப் மட்டும் என்று பிரித்துக்கொள்வதால் நேரம் நன்றாகவே குறையும். ஆனாலும் வழுக்குகிற துணியின் இரண்டு ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து ஊசிக்கு அடியில் நகர்த்துவது இன்றைக்கும் பெரும்பாலும் மனிதக் கைதான். துணியும் கப்பல் கூலியும் விளம்பரமும் இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்தால், மிக மலிவான கவுனில் அந்தக் கைக்கு மிச்சமிருப்பது ரொம்பக் கொஞ்சம். உங்கள் தோழி அங்கேதான் விரலை வைத்திருக்கிறார்.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்மாடிகளில் துணி தைத்தவர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். அந்தக் கட்டடத்தில் தைக்கப்பட்டவை மலிவு விலைக் கடைகளுக்கு மட்டும் போனவை அல்ல, நடுத்தர விலை பிராண்டுகளுக்கும் போனவை. அதனால் 'விலை கூடினால் பாவம் இல்லை' என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்காதீர்கள். விலை ஏறினால் கூலியும் ஏறும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

'அந்தக் காலத்தில் எல்லாம் நேர்மையாகத் தைத்தார்கள்' என்ற பேச்சும் எனக்கு ஒப்பாது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. அவர்கள் தைத்துக்கொண்டிருந்தது பெண்களுக்கான மேல்சட்டைகள். அந்தக் காலத்துச் சட்டைகளைத்தான் இன்று விண்டேஜ் பிரியர்கள் தேடித்தேடி வாங்குகிறோம்.

சரி, மலிவாகவும் ஒழுங்காகவும் தைக்கவே முடியாதா? முடியும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 'யூட்டிலிட்டி' உடைகள் வந்தன. 1941-இல் தொடங்கிய திட்டம், உள்ளே சி சி 41 என்ற முத்திரை இருக்கும். துணியின் தரத்தையும் விலையின் உச்சத்தையும் அரசே வரையறுத்தது. மிச்சம் பிடித்தது பட்டன், மடிப்பு, பாக்கெட், அலங்காரம் ஆகியவற்றில். அந்த முத்திரையுள்ள கோட் ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அத்தனை வருடம் கழித்தும் தோள் தையல் இம்மி நகரவில்லை. அலங்காரத்தில் மிச்சம் பிடித்தால் மலிவு நல்லது. தையலிலும் கூலியிலும் மிச்சம் பிடிப்பதைத்தான் நான் தப்பு என்கிறேன்.

வாங்கிய நான்கையும் உடுத்துங்கள். அலமாரியில் பூட்டி வைத்தால் தைத்தவருக்கு ஒரு காசும் கூடுதலாகப் போகாது. கிழிந்தால் தையுங்கள், நிறம் மங்கினால் சாயம் போடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியர்வை கொட்ட ஆடுவதற்கு நகல் உடைதான் சரி. அசல் கவுனின் அக்குள் துணி ஏற்கெனவே நைந்திருக்கும், இரண்டு நடனத்தில் கிழிந்துவிடும். கிழிந்தால் அப்படி இன்னொன்று உலகத்தில் இல்லை. உடம்புக்குச் சேர்வதும் சின்ன விஷயமல்ல. மிஞ்சிக் கிடைக்கும் அசலில் சின்ன அளவுகளே அதிகம். பெரிய உடம்புக்காரர்கள் இந்த அழகை உடுத்திப் பார்க்க வழிவிட்டது நகல் உடைதான், அதை நான் மதிக்கிறேன்.

நான் வேண்டாம் என்பது ஐந்தாவது கவுனை, அதுவும் மலிவு என்பதற்காக மட்டும் வாங்குவதை. அதை வாங்கும் முன் விற்பவருக்கு எழுதுங்கள்: எந்த நாட்டில், எந்தத் தொழிற்சாலையில் தைத்தது? சில நிறுவனங்கள் தொழிற்சாலைப் பட்டியலை முகவரியோடு வெளியிடுகின்றன, எனவே கேட்கக்கூடாததை நீங்கள் கேட்கவில்லை. 'எங்கள் கூட்டாளிகள் உயர்ந்த நெறிகளைப் பின்பற்றுகிறார்கள்' என்று மட்டும் பதில் வந்தால், அது பதிலே இல்லை.

கேள்வி: நகல் கவுனின் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: போன மாதம் என் மேசைக்கு ஒரு கவுன் வந்தது. கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி, பார்க்க அத்தனை லட்சணம். மூன்றாவது தடவை உடுத்தியபோது அக்குளுக்குப் பின்னால் கிழிந்துவிட்டதாம். உள்பக்கம் புரட்டினேன். நூல் அறுந்திருக்கவில்லை. துணிதான் தையலை விட்டு நழுவி வந்திருந்தது. உள்ளே விட்டிருந்தது கால் இன்ச் துணி, அதிலும் ஓரம் பிரியாமல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் பாதியைத் தின்றிருந்தது. வீட்டில் தைப்பதற்கான காகிதப் பேட்டர்ன்களிலேயே (வெட்டு மாதிரிகள்) 5/8 இன்ச் விடுவது வழக்கம். இதில் பிரித்துவிட்டுத் திருத்த இடமே இல்லை. பெல்ட்டை வெட்டி அக்குளில் ஒரு துண்டு வைத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தபோதுதான் எனக்கு நிம்மதி.

அதே கவுனின் ஸ்கர்ட்டைத் தரையில் விரித்தேன். படத்தில் முழு வட்டம் மாதிரி சுழன்றது, கையில் வந்தது அரை வட்டம். கணக்கைப் பாருங்கள். 115 செ.மீ. அகலத் துணியில், இடுப்பிலிருந்து 70 செ.மீ. நீளத்துக்கு முழு வட்ட ஸ்கர்ட் வெட்ட மூன்றேகால் மீட்டராவது வேண்டும். அரை வட்டமென்றால் இரண்டு மீட்டருக்குள் முடியும். மிச்சத்தை படம் எடுக்கும்போது உள்பாவாடை ஊதிக் காட்டிவிடும். எனக்கு இது மனசைத் தொடும் விஷயம். போர்க்காலத்தில் துணி அளந்துதான் கிடைத்தது. 1947-இல் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் அகலமான ஸ்கர்ட்டைக் கொண்டுவந்தபோது சிலர் 'இவ்வளவு துணியை வீணடிப்பதா' என்று கோபப்பட்டார்கள், பலர் ஆசைப்பட்டார்கள். தாராளமான துணிதான் அந்தப் பாணியின் உயிர். நகல் முதலில் கை வைப்பதும் அங்கேதான்.

ஆகவே வாங்கும் முன் முதுகுப் பக்கப் படம் கேளுங்கள், உள்பக்கப் படமும் கேளுங்கள். 'எஸ், எம், எல்' போதாது, கவுனை அளந்த அளவு செ.மீ.யில் வேண்டும். கைக்கு வந்ததும் தையலின் இரு பக்கமும் பிடித்து மெல்ல இழுங்கள். நடுவில் நூல் ஏணிப்படி மாதிரி தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். இன்ச்சுக்குப் பத்து, பன்னிரண்டு தையல் நல்லது, ஏழுக்குக் கீழே போனால் அவசரத் தையல். பக்கவாட்டில் கோடோ கட்டமோ ஒன்றோடு ஒன்று சேர்கிறதா பாருங்கள். கீழ் மடிப்பு அகலமாக இருந்தால் பிறகு இறக்கிக்கொள்ளலாம். வட்ட ஸ்கர்ட்டை ஒரு ராத்திரி தொங்கவிட்டு, துணி இறங்கியபின்தான் கீழே மடிக்க வேண்டும். தொங்கவிடாமல் மடித்தால் ஓரம் சில வாரத்தில் மேடும் பள்ளமுமாகும்.

துணி இழுபடுகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். இழுபடும் இழையான ஸ்பான்டெக்ஸ் 1958-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முந்தைய கவுன்கள் டார்ட்டாலும் வெட்டாலும் உடம்பில் உட்கார்ந்தன. இப்போது மூன்று சதவீத ஸ்பான்டெக்ஸ் சேர்த்துவிட்டு வெட்டில் அக்கறையைக் குறைத்துவிடுகிறார்கள். உடுத்த சுகம்தான், மறுக்கவில்லை. வெந்நீரிலும் டிரையரிலும் போடாதீர்கள், இழுவை போய்விடும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நல்ல தையல் இருப்பதால் நல்ல கூலி கொடுத்தார்கள் என்று ஆகாது. நல்ல கையை மலிவாக வாங்கிய இடங்களும் உண்டு. கூலியைப் பற்றித் தெரிய முதல் பதிலில் சொன்ன மாதிரி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: அசல் 1940-களின் கவுன் என்று சொல்லி விற்றார். ஓவர்லாக் தையல் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஓவர்லாக்கை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அந்த மிஷின் 1880-களிலேயே வந்துவிட்டது. ஜிப்பைப் பாருங்கள். அந்தக் காலக் கவுனில் பெரும்பாலும் இடது பக்கவாட்டில் உலோக ஜிப்போ, கொக்கியோ, அழுத்து பட்டனோ இருக்கும். முதுகின் நடுவில் நைலான் ஜிப் இருந்தால் சந்தேகப்படலாம், பிற்காலத்தில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும். துவைக்கும் குறியீடுகள், வாளிப் படம், இஸ்திரிப்பெட்டிப் படம் எல்லாம் அச்சடித்த லேபிள் கவுனோடு சேர்த்தே தைக்கப்பட்டிருந்தால் அது 40-கள் இல்லை. படத்தோடு விற்றவருக்கு எழுதிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். நகல் விற்பது குற்றமில்லை, நகலை அசல் என்று விற்பது ஏமாற்று.

கேள்வி: செல்வெட்ஜ் ஜீன்ஸ் நகல் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

பதில்: செல்வெட்ஜ் என்பது துணியின் நெய்த ஓரம். ஜீன்ஸின் காலை மடித்தால் தெரியும் அந்தக் கரை, பழைய ஷட்டில் தறியில் நெய்த துணி என்பதற்கு மட்டும் அடையாளம். தைத்த விதத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கால் இடுக்குத் தையலையும் பாக்கெட் துணியின் கனத்தையும் பாருங்கள். பாக்கெட் துணி மெல்லியதாக இருந்தால் அங்கேதான் முதலில் ஓட்டை விழும்.

கேள்வி: நானே ஒரு பழைய கவுனைப் பார்த்து நகல் வெட்டி, கொஞ்சமாகத் தைத்து விற்க நினைக்கிறேன். அது திருட்டாகுமா?

பதில்: பழைய வெட்டைப் பார்த்துப் படிப்பது தையல்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. நான் கற்றதும் அப்படித்தான். துணியின் மேல் அச்சடித்த ஓவியம் வேறு விஷயம். அதை வரைந்தவருக்கு உரிமை உண்டு. பல நாடுகளில் அவர் இறந்து பல பத்தாண்டுகள் வரை அது நீடிக்கும். தனியாக உட்கார்ந்து பூவும் பறவையும் வரைந்து பிழைக்கும் ஓவியர்களின் அச்சை மலிவு நகல்காரர்கள் அப்படியே எடுத்துவிடுவதுதான் இந்தத் தொழிலில் என்னை அதிகம் வருத்துவது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அச்சை விலைக்கு வாங்குங்கள், இல்லையென்றால் வெற்றுத் துணியில் தையுங்கள். உங்கள் நேரத்துக்கும் கூலி வைத்து விலை சொல்லுங்கள், யாராவது 'இவ்வளவா' என்றாலும் குறைக்காதீர்கள். அப்புறம், இடுப்புத் தையலுக்குள் ஒரு லேபிள் வைத்து உங்கள் பெயரையும் தைத்த வருடத்தையும் எழுதுங்கள். ஐம்பது வருடம் கழித்து அதைப் புரட்டிப் பார்க்கிறவருக்கு யார், எப்போது தைத்தது என்று தெரிய வேண்டும்.