0.25 கிராம் எத்தனை மில்லிகிராம்?

சுங்கை சிப்புட் தங்கச்சிக்கு, தாதியர் நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் 0.25 கிராமை 25 மில்லிகிராம்னு எழுதி மாத்திரைக் கணக்கு தப்பிப்போகுதுன்னு கேட்டிருந்தீங்க. நீங்க 100-ஆல் பெருக்குறீங்க, 1000-ஆல் பெருக்கணும். புள்ளியை மூணு இடம் வலப்பக்கம் தள்ளி, காலி இடத்தில் சுழியம் போடுங்க: 250. மாத்திரை 125 மில்லிகிராம்னா, 250 ÷ 125 = 2 மாத்திரை. அலகு ஒண்ணாகாம வகுக்கவே கூடாது.

நரம்பு வழியா சொட்டுச் சொட்டா ஏத்துற மருந்துக் கணக்கும் இதே கதைதான். 500 மில்லிலிட்டரை 4 மணி நேரத்தில் ஏத்தணும், மில்லிலிட்டருக்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? முதல்ல 4 மணியை 240 நிமிடமாக்குங்க. 500 × 20 ÷ 240 = 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. விடை 2,500-னு வந்தா மணியை மாத்தலைன்னு அர்த்தம். நிமிடத்துக்கு அவ்வளவு விழுந்தா அது சொட்டா, குழாய்த் தண்ணியா? கால்குலேட்டரை மூடி வச்சிட்டு, தினமும் அலகு மாற்றம் மட்டும் பத்து போட்டுப் பாருங்க.