சர்வரை மாற்றிய பின் சில அஞ்சல்கள் மட்டும் ஏன் திரும்பி வருகின்றன?

கேள்வி: எங்கள் சிறு பதிப்பகத்தின் மின்னஞ்சலை, வாடகை சர்வர் ஒன்றில் அஞ்சலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ், வந்ததைப் படிக்கக் கொடுக்கும் டவ்காட் ஆகிய மென்பொருள்களை நிறுவி இரண்டு ஆண்டுகளாக நானே நடத்தி வருகிறேன். சென்ற மாதம் டெபியன் 12 இயங்குதளம் உள்ள புதிய இயந்திரத்துக்கு மாறினோம். அதன் பிறகு ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பும் அஞ்சல்களில் சில உடனே சேர்கின்றன, சில திரும்பி வருகின்றன. அதே அஞ்சலை மறுபடி அனுப்பினால் போய்விடுகிறது. எஸ்பிஎஃப் (எங்கள் பெயரில் எந்த முகவரிகள் அஞ்சல் அனுப்பலாம் என்னும் பதிவு), டிகிம் (அஞ்சலில் இடும் மின்கையொப்பம்) இரண்டும் சரி என்றே சோதனைத் தளங்கள் காட்டுகின்றன. வாசகர்களிடமிருந்து எங்களுக்கு வரும் அஞ்சல்களோ அடியோடு நின்றுவிட்டன. எங்கே பார்ப்பது?

பதில்: வேறெதையும் தொடுவதற்கு முன்பு, போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புகள் உள்ள மெயின்.சிஎஃப் கோப்பில் ‘சாஃப்ட் பௌன்ஸ்’ என்னும் அமைப்பை ‘யெஸ்’ என்று மாற்றி, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்துவிடுங்கள். அதன் பிறகு, மறுக்கப்படும் அஞ்சல் அனுப்பியவருக்கே திரும்பிப் போகாமல் உங்கள் கியூவில், அதாவது சர்வரின் அனுப்பும் வரிசையில், காத்திருக்கும். வெளியிலிருந்து வருவனவற்றுக்கும் நிரந்தர மறுப்புக்குப் பதிலாகத் தற்காலிக மறுப்பே தரப்படும் என்பதால், அனுப்பும் சர்வர்கள் பிறகு மீண்டும் முயலும். பழுது பார்க்கும் வேளையில் ஒரு வாசகரின் கடிதம்கூடத் தொலையக் கூடாது.

இனி காரணத்துக்கு வருவோம். ‘மறுபடி அனுப்பினால் போய்விடுகிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பதே பெரிய தடயம். டிஎன்எஸ் (இணையப் பெயர்களையும் முகவரிகளையும் இணைக்கும் அடைவு) பதிவிலோ டிகிம் கையொப்பத்திலோ பிழை இருந்திருந்தால் எல்லா அஞ்சலும் ஒன்றுபோலப் பாதிக்கப்பட்டிருக்கும். ஒரு முறை போவதும் மறுமுறை திரும்புவதுமாக இருந்தால், சர்வரிலிருந்து அஞ்சல் வெளியேற இரண்டு வழிகள் இருக்கின்றன, அவற்றுள் ஒன்று பழுது என்றுதான் கொள்ள வேண்டும். உங்கள் பழைய இயந்திரத்தில் ஐபிவி4 என்னும் பழைய வகை இணைய முகவரி மட்டும் இருந்திருக்கும். புதியதில் ஐபிவி6 என்னும் புதிய வகை முகவரியும் சேர்ந்தே வந்திருக்கும் என்று கருதுகிறேன். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பு நிலையில் இரண்டையும் சமமாகவே மதிக்கிறது. ஜிமெயிலின் சர்வர்களுக்கும் இரண்டு வகை முகவரிகளும் உண்டு. ஆகவே எந்த அஞ்சல் எந்த வழியில் போகும் என்பது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது.

லாக்கை, அதாவது சர்வர் தன் செயல்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை, பார்த்தால் இது உறுதியாகிவிடும். டெபியன் 12இல், லாக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லாக் மென்பொருள் இயல்பாக நிறுவப்படுவதில்லை, வழக்கமான மெயில்.லாக் கோப்பைக் காணாவிட்டால் திகைக்க வேண்டாம், ஜர்னல்சிடிஎல் கட்டளை வழியாக அதே வரிகளைப் படிக்கலாம். ஒவ்வொரு அஞ்சலுக்குமான வரியில் ‘ரிலே’ என்ற சொல்லையடுத்து, பெறும் சர்வரின் பெயரும் சதுர அடைப்புக்குள் அதன் ஐபி முகவரியும் இருக்கும். சேர்ந்த அஞ்சல்களிலெல்லாம் புள்ளிகள் கொண்ட முகவரியும், திரும்பியவற்றிலெல்லாம் முக்காற்புள்ளிகள் கொண்ட நீண்ட முகவரியும் இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. திரும்பிய வரிகளில் 550 5.7.25 என்ற எண் இருந்தால், அனுப்பும் முகவரிக்குப் பிடிஆர் பதிவு இல்லை, அதாவது அந்த ஐபி எண்ணைக் கேட்டால் சர்வரின் பெயரைச் சொல்லும் பதிவு இல்லை என்பது பொருள்.

சோதனைத் தளங்கள் உங்களை வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. அவை டிஎன்எஸ்ஸில் உள்ள பதிவைப் படித்தோ, ஐபிவி4 வழியாக வந்த ஓர் அஞ்சலைப் பார்த்தோ தீர்ப்புச் சொல்கின்றன. எஸ்பிஎஃப் பதிவில் ஐபிவி4 முகவரி மட்டும் எழுதப்பட்டிருந்தால், அதே பதிவு ஐபிவி6 வழியாகப் போகும் அஞ்சலுக்குச் செல்லாது. டிகிம் தேறுவதால், இவ்விரண்டில் ஒன்றாவது தேற வேண்டும் என்னும் டிமார்க் சோதனை தேறிவிடக்கூடும். ஆனாலும் பிடிஆர் இல்லாத ஒரே குறைக்காக ஜிமெயில் கதவைச் சாத்திவிடும். 2024 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த அதன் விதிகள், சிறிய அனுப்புநர்களுக்கும் பிடிஆர் கட்டாயம் என்கின்றன.

இதைச் சரிசெய்ய இரண்டு முறைகள் உண்டு. எளியது, ‘ஐநெட் புரோட்டோகால்ஸ்’ அமைப்பை ஐபிவி4 என்று மட்டும் வைப்பது. இந்த ஒரு மாற்றத்துக்கு ரீலோட் போதாது, போஸ்ட்ஃபிக்ஸை முழுவதும் நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். உங்கள் மெயில் சர்வரின் பெயருக்கு டிஎன்எஸ்ஸில் ஐபிவி6 பதிவு இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்; இல்லையேல் வெளியார் மூடிய கதவைத் தட்டிவிட்டு வருவார்கள். மற்றொன்று, சர்வர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஐபிவி6 முகவரிக்கும் பிடிஆர் அமைத்து, அந்தப் பெயர் மீண்டும் அதே முகவரியைக் காட்டுமாறு செய்து, எஸ்பிஎஃப் பதிவிலும் அதைச் சேர்ப்பது. முழுமையான முறை இதுவே என்றாலும், உங்களைப் போன்ற சிறு நிறுவனத்துக்கு முதலாவதையே நான் பரிந்துரைப்பேன். ஐபிவி6 இல்லாததால் உங்கள் வாசகர் எவரும் எதையும் இழக்கப்போவதில்லை. அரைகுறையாக அமைத்த ஐபிவி6 எவ்வளவு அலைக்கழிக்கும் என்பதை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள்.

வரும் அஞ்சல்கள் நின்றது தனிக் கோளாறு, ஆனால் அதுவும் சர்வரை மாற்றியதில் பிறந்ததுதான். இடம் மாறும்போது அமைப்புக் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு போகிறோம். அவற்றைச் சுற்றியிருந்த சூழல் கூடவே வருவதில்லை. ஸ்பாம் அனுப்பும் முகவரிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸின் ‘ஜென்’ தடைப்பட்டியலைப் பயன்படுத்தி வருபவரானால், அதை டிஎன்எஸ் வழியாகவே வினவுவதால், புதிய இயந்திரம் எந்த டிஎன்எஸ் ரிசால்வரை (டிஎன்எஸ் வினாக்களுக்கு விடை தேடித் தரும் சர்வரை) கேட்கிறது என்று பாருங்கள். கூகுளின் 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் வழியாக வரும் வினாக்களுக்கு ஸ்பாம்ஹவுஸ் உண்மையான விடை தருவதில்லை; 127.255.255.254 என்ற பிழைக்குறியைத் திருப்பி அனுப்புகிறது. எந்த விடை வந்தாலும் ‘பட்டியலில் உண்டு’ என்றே போஸ்ட்ஃபிக்ஸ் எடுத்துக்கொள்வதால், உலகிலுள்ள அத்தனை பேரும் ஸ்பாம் அனுப்புநர்களாகி விடுகிறார்கள். லாக்கில் ‘ஓப்பன் ரிசால்வர்’ என்ற சொற்கள் தென்பட்டால் இதுதான் காரணம். அன்பௌண்ட் ரிசால்வரை அதே இயந்திரத்தில் நிறுவி, சர்வர் அதையே கேட்கும்படி செய்யுங்கள். தடைப்பட்டியல் வரியில் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான விடைகளை மட்டும் ஏற்கும்படி எழுதிவிட்டால், இனி ஒரு பிழைக்குறி உங்கள் அஞ்சலை நிறுத்தாது.

இரண்டும் சரியாகி, லாக் இரண்டு மூன்று நாள்கள் அமைதியாக இருப்பதைக் கண்ட பிறகு, முதலில் போட்ட ‘சாஃப்ட் பௌன்ஸ்’ அமைப்பை மறவாமல் எடுத்துவிடுங்கள். அதை அப்படியே விட்டால், முகவரியைத் தவறாக எழுதி அனுப்பிய அஞ்சல்கூட உடனே திரும்பாமல் 5 நாள்கள் கியூவில் கிடக்கும். அனுப்பியவரோ அது போய்ச் சேர்ந்துவிட்டது என்றே எண்ணியிருப்பார்.