வாசகர் கேள்வி: இதயம், நுரையீரல் ஆராய்ச்சிக்கு அறக்கட்டளைப் பணம் கேட்பது எப்படி?

கேள்வி: நான் மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். பர்கூர், கிருஷ்ணகிரி பக்கத்து கிரானைட் பட்டறை ஆட்கள் இளைப்போடு வந்துகொண்டே இருக்கிறார்கள். இவர்களின் இதயம், நுரையீரல் பற்றி ஆராய இரண்டு அறக்கட்டளைகளுக்கு எழுதினேன். இரண்டும் திரும்பி வந்துவிட்டன, காரணமும் சொல்லவில்லை. விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன். எங்கே இடிக்கிறது?
*பெயர் வேண்டாம், தர்மபுரி*

தலைப்பிலேயே இடிக்கிறது டாக்டர். "கிருஷ்ணகிரி மாவட்டத் தொழிலாளர்களின் இதய, நுரையீரல் நலன்: ஓர் ஆய்வு" என்று போட்டிருக்கிறீர்கள். முடிவில் என்ன தெரியவரும் என்பது இதில் எங்கே இருக்கிறது? முதல் நான்கு பக்கம் இந்தியாவில் இதய நோய் எவ்வளவு பெரிய பிரச்சினை என்று விளக்கம். அது பணம் கொடுக்கிறவருக்குத் தெரியும், தெரிந்ததால்தான் பணத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தெரியாதது உங்கள் ஓ.பி.யில் நடப்பது. ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், டிபி மருந்தை முழுசாக முடித்தும் இளைப்பு குறையாமல் வருகிறவர்களில் பலர் கல் அறுத்தவர்கள் என்று. அதுதான் உங்கள் ஆராய்ச்சி. அதைத் தூக்கி முதல் பத்தியில் வையுங்கள்.

கல் அறுக்கும்போது பறக்கும் சிலிகா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே தெரியலாம், போதாக்குறைக்கு சிலிகோசிஸ் இருப்பவருக்கு டிபியும் எளிதாக வரும், ஆக இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடும். நுரையீரல் இறுகினால் அதற்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் வீங்குகிறது. இதயமும் நுரையீரலும் சேருகிற இடம் இதுதான், உங்கள் விண்ணப்பத்தில் இது ஒரு வரிகூட இல்லை. "பத்து வருஷத்துக்கு மேல் தண்ணீர் விடாமல் கல் அறுத்து, ஸ்பைரோமெட்ரியில் (ஊதச் சொல்லி மூச்சுத்திறனை அளக்கும் சோதனை) குறை தெரிகிறவர்களில் எத்தனை பேருக்கு எக்கோவில் (இதய ஸ்கேன்) வலப்பக்க இதயம் பாதித்திருக்கிறது?" இப்படி ஒரே கேள்வியாகக் கேளுங்கள். எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று அப்புறம் ஒரு புள்ளியியல்காரரிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள். "சுமார் 500 பேர்" என்று ஒரு குத்துமதிப்பு எண்ணைப் பார்த்ததுமே விண்ணப்பத்தை மூடி வைக்கிறவர்கள் உண்டு.

இன்னொரு பெரிய ஓட்டை. பட்டறைக்குப் போய் ஆட்களைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டறையில் இருப்பவர் வேலை செய்யத் தெம்பு இருப்பவர். மூச்சு வாங்க ஆரம்பித்தவர் நின்றுவிட்டார், வெளிமாநிலத்துக்காரர் என்றால் ஊருக்கே போயிருப்பார். பட்டறையில் மட்டும் எண்ணினால் நோய் குறைவாகத்தான் தெரியும், முதலாளிக்கு அது வசதி. வேலையை விட்டவர்களை வீட்டில் போய்ப் பிடிக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் உங்கள் பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு வீடாகப் போகும் அந்தத் தன்னார்வலப் பெண்களுக்கு யார் எந்த வேலை பார்த்து நின்றார் என்பது தெரியும். மாவட்ட சுகாதார அலுவலரிடம் அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

பட்ஜெட்டுக்கு வருகிறேன். பாதிப் பணம் எக்கோ மெஷினுக்கு. துறைக்குக் கருவி வாங்க ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள், இருக்கிற மெஷினில் வாரத்தில் ஒரு மதியம் கேட்டு வாங்குங்கள். ஆனால் உண்மையில் செலவாகிற இடத்தில் ஒன்றுமே போடவில்லை. ஸ்பைரோமீட்டரை மூன்று லிட்டர் சிரிஞ்ச் வைத்துச் சரிபார்க்க வேண்டும், ஆளுக்கு ஒரு ஃபில்டர் வேண்டும். இளைப்புக்காரர் மூச்சை முழுசாக இழுத்து "ஊது, ஊது, இன்னும் ஊது" என்று டெக்னீஷியன் கத்தக் கத்த ஊதி, பாதியில் இருமி, மறுபடி ஊதி, சரியான ஊதல் மூன்றாவது கிடைப்பதற்குள் ஒருவருக்கே அரை மணி நேரம் ஓடிவிடும். அந்த டெக்னீஷியன் சம்பளம் எங்கே? வந்தவரின் பஸ் காசு, போன கூலி எங்கே? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை அதைக் கொடுக்க அனுமதிக்கிறது.

ஆட்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குப் போகும் முன்னாடி ஒரு சிக்கலை யோசித்து வையுங்கள். ரிசல்ட் முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று ஆட்கள் பயப்படுவார்கள், ரகசியம் காப்போம் என்று நீங்கள் எழுதுவீர்கள். ஆனால் 1948 தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே சிலிகோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். யாருக்குச் சொல்வோம், யாருக்குச் சொல்லமாட்டோம் என்பதைச் சம்மதப் படிவத்தில் தமிழில், தெளிவாக எழுதுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு அறக்கட்டளைகளிடம் கேட்கலாமா? நண்பரின் தொண்டு நிறுவனம் வாங்கி எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறது.
*ஒரு மருத்துவர், கிருஷ்ணகிரி*

நண்பர் வழி வேண்டவே வேண்டாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வில் வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. நேரடியாக வாங்கினாலும், வெளிநாட்டு நிதியில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழுவைத் தாண்டி மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவும் சம்மதிக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் பெயரைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள், அவர்கள் பணம் பிரிட்டன் ஆய்வாளர்களுக்குத்தான். பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் நம் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸைப் பாருங்கள், மருத்துவர்களுக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் தனி ஃபெலோஷிப் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு. எனக்கும் பணம் கிடைக்குமா?
*மாணவி, தர்மபுரி*

கிடைக்கும். ஐ.சி.எம்.ஆர். மாணவர்களுக்குத் தரும் குறுகிய கால உதவித்தொகையான எஸ்.டி.எஸ்., இரண்டு மாத ஆராய்ச்சி. வழிகாட்டி உங்கள் கல்லூரி ஆசிரியராக இருக்க வேண்டும், அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கேட்டு வையுங்கள்.

கேள்வி: குவாரித் தொழிலாளர் குடும்பங்களுக்காகச் சின்ன டிரஸ்ட் நடத்துகிறோம். ஓசூர் கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தில் நாங்களே ஆராய்ச்சி செய்யலாமா?
*வாசகர், ஓசூர்*

கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவு தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கே முன்னுரிமை தரச் சொல்கிறது, அதனால் கதவைத் தட்டலாம். ஆனால் வருமானவரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு, மூன்று வருஷ வேலைக்கு ஆதாரம், சி.எஸ்.ஆர். பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண், இவை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இவையெல்லாம் இருந்தாலும் நெறிமுறைக் குழு இல்லாமல் ஆளை ஊதச் சொல்லி எண்ணிக்கை எழுதினால் அதை யாரும் ஆராய்ச்சி என்று ஏற்கமாட்டார்கள். மருத்துவக் கல்லூரி முதன்மை விண்ணப்பதாரராக இருக்கட்டும், குடும்பங்களைக் கண்டுபிடித்துக் கூட்டி வருவது உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அந்த வேலைக்குப் பட்ஜெட்டில் தனி வரி கேட்டு வாங்குங்கள். "நீங்கள்தான் சேவை அமைப்பாச்சே" என்று சொல்லிப் பார்ப்பார்கள், சும்மா செய்து கொடுக்காதீர்கள்.